சுவரும் அறையும்

வளர்ந்த அண்ணனும் தங்கையும், அன்றி அக்காளும் தம்பியும், ஒரே அறையில் படுத்துறங்கலாமா என்னும் வினா இலக்கியப் பகுதியில் எழுப்பத்தக்கதோ என அன்பர் சிலர் நகைத்தல் கூடும். காதலையும் வீரத்தையும் பேசவேண்டிய இடத்திலே பாயையும் தலையணையையும் பேசுவதா என அவர்கள் கேட்கலாம். உடன்பிறப்பன்பைப் பாடிப் பாடி நாத்தழும்பேறியவர் நாம். அவ்வுடன்பிறந்தாள் இரவில் எங்கே தலைசாய்த்தாள் என்று நம் கதைகளும் பாட்டுகளும் ஒருநாளேனும் கேட்டனவா? கேளாமை இலக்கியத்தின் குறை. கேட்க நினையாமை குடும்பத்தின் குறை. இவ்விரு குறைகளையும் ஒருங்கே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம்மவர் வீடொன்றை மனக்கண்முன் நிறுத்துவோம். மலேசிய நகரொன்றின் பி.பி.ஆர். அடுக்குமாடி, ஏறத்தாழ 700 சதுர அடிக்குள் மூன்று படுக்கையறைகள். ஓர் அறை தாய்தந்தையர்க்கு. மற்றோர் அறை மூப்பினால் தளர்ந்த பாட்டனுக்கு. மூன்றாம் அறையில் நேற்றுவரை அண்ணனும் தங்கையும் உறங்கினர். அண்ணனுக்கு வயது 16, தங்கைக்கு 12. ‘இனி இருவரும் ஓரறையில் படுத்தல் ஆகாது’ எனத் தாய் முடிவு செய்கிறாள். முடிவு நன்றே. அன்றிரவே தங்கையின் பாயும் தலையணையும் கூடத்துக்கு வருகின்றன. அவளுடைய பள்ளிப் புத்தகங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் கீழ் அடுக்கப்படுகின்றன. உடைகள் தாயின் அலமாரியில் ஓர் ஓரத்திலே திணிக்கப்படுகின்றன. அண்ணனுடைய அறைக்கதவு சாத்தப்படுகிறது. கூடத்தில் விளக்கணையும் நேரமே அவள் உறங்கும் நேரம்; வேலைக்குச் செல்வோர் எழும் நேரமே அவள் விழிக்கும் நேரம். உடைமாற்றக் குளியலறை, அழுவதற்கும் குளியலறை. இத்தகைய வீட்டைக் காணாதார் நம்முள் மிகச் சிலரே.

தாய் அவர்களைப் பிரித்தது பிழையா? இல்லை. பிரித்தபோது அறை யாருக்குச் சென்றது என்பதே யாம் எழுப்பும் வினா.

இந்நிலையின் வேரைக் காணவேண்டுமாயின் தோட்டப்புற லயங்களை நினைவுகூர்தல் வேண்டும். நீண்ட ஒரு கூரை. அதன்கீழ் வரிசையாய் அறைகள். முன்னே அஞ்சடி, பின்னே அடுப்படி. ஒரு குடும்பத்தின் பிறப்பும் பிணியும் உறக்கமும் பல காலம் அவ்வோர் அறைக்குள்ளேயே நடந்தன. பக்கத்து வீட்டார் இருமினால் இவ்வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். ஆங்குத் தனியறை என்னும் பேச்சுக்கே இடமில்லை. எனினும் நம் முன்னோர் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். மீசை அரும்பிய பையன்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அஞ்சடிக்குச் சென்றனர். பெண்மக்கள் தாயின் அருகே உள்ளே படுத்தனர். பொழுது புலருமுன் பிரட்டுக்குச் செல்லவேண்டிய அவ்வாழ்க்கையில் மழைச்சாரலும் கொசுக்கடியும் ஆண்மகன் பங்காயின.

பின்னர்க் காலம் மாறியது. தொழிலாளர் வீடுகளின் தரத்தை உயர்த்த 1966-இலும் 1990-இலும் மலேசியாவில் சட்டங்கள் இயற்றப்பெற்றன. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகவே மாறின. நம்மவருட் பெருந்தொகையினர் நகரோரத்து அடுக்குமாடிகளில் குடியேறினர். சிங்கப்பூரில் 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கம்பத்து வீடுகளிலும் நெரிசலான கடைவீடுகளிலும் வாழ்ந்தோரைக் கட்டடங்களுக்குக் கொணர்ந்தது. கதவுள்ள அறைகள் நமக்குக் கிடைத்தன. கிடைத்ததும் யாது செய்தோம்? அஞ்சடியில் படுத்த மகனை அறைக்குள் வைத்தோம். உள்ளே படுத்த மகளைக் கூடத்துக்கு அனுப்பினோம். அன்று ‘ஆண்பிள்ளை, எங்கேயும் படுப்பான்’ என்றோம். இன்று ‘ஆண்பிள்ளை, அவனுக்கோர் அறை வேண்டாமா?’ என்கிறோம்.

லயத்தில் பெண்மகள் உள்ளே படுத்ததும் அவள்பாற் கொண்ட மதிப்பினால் என்று எண்ணிவிடலாகாது. அது காவல். இக்காவல் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களில் ‘இற்செறிப்பு’ என்பது பயின்றுவரும் ஒரு செய்தி. பருவமெய்திய தலைவியைப் புறம்போகவிடாது வீட்டினுள்ளே அடக்கி வைத்தலே அஃது. அவள் உறங்குமிடமும் அப்பாடல்களில் குறிப்பாற் புலப்படும்: தாயின் அருகு, அன்றிச் செவிலியின் அருகு. தாய் துயிலாமை, நாய் துயிலாமை, ஊர் துயிலாமை எனத் தலைவனுக்கு நேரும் இடையூறுகளைப் புலவர் அழகுற அடுக்குவர். அப்பாடல்களின் நயத்தை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் திறனாய்வோன் ஒன்று கேட்டாக வேண்டும். அத்தலைவியைச் சுற்றிச் சுவர்கள் இருந்தன. அவளுக்கென ஓர் அறை இருந்ததா? சுவரென்பது பிறர் அவளைக் காப்பதற்கு எழுப்பியது. அறையென்பது அவள் தன்னைத் தான் காத்துக்கொள்வதற்கு உரியது. அதன் தாழ்ப்பாள் உட்புறம் இருக்கும். நம் பழமை பெண்ணுக்குச் சுவரைத் தந்தது, அறையைத் தரவில்லை.

பூப்பெய்திய பெண்ணுக்குக் குச்சுக் கட்டும் வழக்கத்தையும் இவ்விடத்தே எண்ணிப் பார்க்கலாம். தாய்மாமன் பச்சை ஓலை கொணர்ந்து சிறு குடிசை அமைப்பான். ஒன்பது நாள், பதினொரு நாள், பதினாறு நாள் எனக் குலத்துக்கொரு கணக்காக அவள் அதனுள் இருப்பாள். அதன்பின் குச்சைப் பிரித்து எரிப்பார்கள். சடங்கின் பின்னுள்ள தீட்டு என்னும் மூடக்கொள்கையைப் பலர் கண்டித்துவிட்டனர். யாம் மீண்டும் கண்டிக்கப் புகவில்லை. ஒன்றுமட்டும் சொல்வோம். அவள் வாழ்நாளில் அவளுக்கென்றே எழுப்பப்பட்ட முதலிடமும் கடைசியிடமும் அவ்வோலைக் குடிசையாகவே பலர் வாழ்வில் முடிந்தது. அவளை ஒதுக்கவேண்டும் என்று கருதியபோது நமக்கு ஓலையும் கிடைத்தது, இடமும் கிடைத்தது. அவளை மதிக்கவேண்டியபோது மட்டும் வீட்டில் இடமில்லை என்கிறோம்!

இனி, உடன்பிறந்தாரைப் பிரித்தற்குரிய காரணம் யாதென ஆராய்வோம். மநுநூலின் இரண்டாம் அத்தியாயம் தாய், உடன்பிறந்தாள், மகள் ஆகியோருடனும் ஒருவன் தனித்த இடத்தில் அமர்தல் ஆகாது என விலக்குகிறது. புலன்களின் வலிமையை அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. இக்காரணத்தை யாம் ஏற்கவில்லை. உடன்பிறந்தாளையும் ஓர் ஆபத்தாகக் கருதும் நெஞ்சுக்குத் தனியறையும் மருந்தாகாது. அச்சத்தின்மேல் எழுப்பிய பிரிவில் பழி எப்போதும் பெண்மேலேயே விழும். ‘நீ வளர்ந்துவிட்டாய், வெளியே போ’ என்னும் சொல்லை அவளே கேட்பாள்.

எமது காரணம் வேறு. பெண்மக்கள் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்மக்கள் 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவமாற்றம் தொடங்கப்பெறுவர் என்பது மருத்துவர் கூற்று. அக்காலத்தே உடல் தனக்கே புதிதாகிறது. பெண்ணுக்கு மாதவிலக்கு, ஆணுக்குக் குரல் உடைதலும் பிறவும். இருவர்க்கும் நாணம் உண்டு. அந்நாணம் பாவமன்று, ‘இவ்வுடல் என்னுடையது’ என்று ஓருயிர் முதன்முதலாக உணரும் உணர்ச்சி அது. அதனை மதித்தற்பொருட்டே பிரிவு வேண்டும். மேலும் 13 முதல் 18 வயதினர்க்கு இரவில் 8 முதல் 10 மணிநேர உறக்கம் வேண்டும் என்பர். தேர்வுக்குப் படிக்கும் ஒருவரும் விடியலில் எழவேண்டிய மற்றொருவரும் ஒரு விளக்கின்கீழ் இருந்தால் இருவரும் கெடுவர்.

எந்த வயதிற் பிரிப்பது? இவ்விடத்துப் பிற சமூகத்தாரிடமிருந்து கற்கவேண்டியது உண்டு. நம் அண்டைவீட்டு மலாய் அன்பர்கள் போற்றும் ஹதீஸ் மரபிலே, அபூதாவூத் தொகுப்பில், பத்து வயதான பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிட வேண்டும் என்னும் நெறி காணப்படுகிறது. இங்கிலாந்தில் 1935-ஆம் ஆண்டின் வீட்டுச்சட்டமும் பத்து என்னும் அவ்வெல்லையையே கொண்டது. கணவன் மனைவியல்லாத ஆணும் பெண்ணும், பத்து வயதுக்கு மேற்பட்டோராயின், ஒரே அறையில் உறங்க நேரும் வீட்டை அது நெரிசல்வீடு என்று வகுத்தது; 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்விதி தொடர்ந்தது. கனடா நாட்டு வீட்டுத் தரவிதி ஐந்து வயதிலேயே இருபாற் பிள்ளைகளுக்கும் வெவ்வேறு படுக்கையறை வேண்டும் என்கிறது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிலத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருத்தலைக் காண்க. இங்கிலாந்துச் சட்டம் அறையைப் பேசுகிறது; ஹதீஸ் படுக்கையைப் பேசுகிறது. அறையில்லா ஏழைக்கும் தனிப்பாய் விரித்தல் கைகூடும் ஆகலின், பின்னதை எளியோர்க்கும் ஏற்ற நெறியெனக் கொள்ளலாம். பத்து வயதுக்குள் படுக்கை பிரிதல் வேண்டும். பருவம் எய்துமுன் கூடுமாயின் அறையும் பிரிதல் வேண்டும் என்பதே எமது துணிபு.

இனி நம் காலத்துக் கலைக்கு வருவோம். அண்ணன் தங்கை உறவைத் தமிழர் நெஞ்சில் பதித்தவை ஏடுகளினும் திரைப்படங்களே எனலாம். 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யில் அண்ணன்மார் ரங்கூனில், தங்கை மதுரையில். கடல் கடந்த தமிழராகிய நமக்கு அப்பிரிவு அயலார் கதையன்று. 1961-இல் வந்த ‘பாசமலர்’ கண்டு கண்ணீர் சிந்தாதாரும் அரியர். அப்படத்தில் வேலையிழந்த அண்ணனுக்குத் தொழில் தொடங்க முதலாவது யாது? தங்கை பொம்மை செய்து சேர்த்த ஆயிரம் ரூபாய். அப்பணத்தினால் அண்ணன் முதலாளியாகிறான். கதை அவனுடைய பாசத்தின் பெருமையாகவே வளர்கிறது. தங்கையின் உழைப்பு தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. அவள் தன் கைத்திறனைத் தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று படம் பார்த்து அழுத நாமும் கேட்டதில்லை.

இவ்வகைக் கதைகளில் அண்ணனின் அன்பு எப்போதும் காவலாகவும் ஈகையாகவும் வெளிப்படுகிறது. தங்கைக்காக உயிரை விடுகிறான், பட்டுச்சேலை வாங்குகிறான், மாப்பிள்ளை தேடுகிறான். ‘என் அறையை நீ வைத்துக்கொள், நான் கூடத்தில் படுக்கிறேன்’ என்று சொல்லும் அண்ணனை நம் கதாசிரியர் இன்னும் பேரளவிற் படைத்துக் காட்டவில்லை. உயிரைக் கொடுப்பதினும் அறையைக் கொடுப்பது அரிதுபோலும்!

இவ்வினாவை ஆங்கிலத்தில் முன்னின்று எழுப்பியவர் வர்ஜீனியா வுல்ஃப். 1928-இல் கேம்பிரிட்ஜில் பெண்கள் பயின்ற இரு கல்லூரிகளில் அவர் ஆற்றிய உரைகளினின்று மறு ஆண்டில் ஒரு நூல் பிறந்தது. பெண் புனைகதை எழுதவேண்டுமாயின் அவளுக்கு ஆண்டுக்கு ஐந்நூறு பவுன் வருவாயும் பூட்டுள்ள ஓர் அறையும் வேண்டும் என்பது அதன் சாரம். அந்நூலில் அவர் ஷேக்ஸ்பியருக்கு ஒரு தங்கையைக் கற்பனையாகப் படைக்கிறார். அண்ணனுக்கு நிகரான அறிவுடையாள். ஆனால் அண்ணன் பள்ளிக்குச் செல்ல, அவள் வீட்டு வேலைக்கு விடப்படுகிறாள். முடிவில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். ஒரே கூரை, ஒரே பெற்றோர், ஒரே அறிவு. இருந்தும் இரண்டு விதி. வுல்ஃப் வசதியுள்ள குடியிற் பிறந்தவர் என்பதும், ஐந்நூறு பவுன் என்பது ஏழைப் பெண்ணுக்கு எட்டாக் கனி என்பதும் உண்மை. ஆயினும் அவர் காட்டிய உடன்பிறந்தாளை நம் அடுக்குமாடிக் கூடங்களிலும் காண்கிறோம்.

பகிர்ந்து உறங்குதலே தீது என்று யாம் கூறுவதாகக் கொள்ளற்க. ஜேன் ஆஸ்டின் சாட்டன் ஊரில் வாழ்ந்த 1809 முதல் 1817 வரையான காலத்தில் தம் அக்காள் கசாண்ட்ராவுடன் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டார். அவ்வாண்டுகளிலேயே அவருடைய நாவல்கள் உலகுக்கு வந்தன. இருட்டில் உடன்பிறந்தார் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு ஈடான செல்வம் சிலவே. அப்பேச்சு நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். பகலிலும் மாலையிலும் அவர்கள் கூடி இருக்கட்டும், படிக்கட்டும், சண்டையிட்டுக் கூடட்டும். உடைமாற்றவும் உறங்கவும் மட்டும் தனித்தனி எல்லை வேண்டும் என்றே கூறுகிறோம்.

‘உடன்பிறந்தாரையே ஐயுறுவதா?’ என்று சிலர் வெகுள்வர். எம் கருத்து ஐயத்தின்மேல் எழுந்ததன்று என முன்னரே கூறினோம். எனினும் ஒன்றை மறைத்தல் அறமாகாது. வீட்டினுள்ளும் பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்வதுண்டு, உறவினராலேயே நேர்வதுண்டு. அறையைப் பிரித்துவிட்டதால் மட்டும் அது நீங்காது. ‘அங்கே படுக்க எனக்கு விருப்பமில்லை’ என்று ஒரு குழந்தை, ஆணாயினும் பெண்ணாயினும், சொல்லுமாயின், அதட்டாது கேட்டல் வேண்டும், நம்புதல் வேண்டும். குடும்ப மானம் என்னும் பெயரால் குழந்தையின் வாயை அடைப்பது கொடுமையினும் கொடுமை.

‘எங்கள் வீட்டில் அறையே இல்லையே!’ என்று எளியோர் கேட்பர். அவர் கேள்வி நியாயமானது. சிங்கப்பூரின் ஓரறை வாடகை வீடு ஏறத்தாழ 33 சதுர மீட்டர். அதில் தனிப் படுக்கையறை இல்லை. ஈரறை வீடு ஏறத்தாழ 45 சதுர மீட்டர். அதில் படுக்கையறை ஒன்றே. வளர்ந்த மகனும் மகளும் உள்ள குடும்பம் அங்கே என் செய்யும்? இத்தகைய குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கும்போது தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. பிள்ளைகளின் வயதையும் பாலையும் எண்ணவேண்டும் என ஆள்வோரை வற்புறுத்துதல் நம் கடமை. அதுவரையில் நம் கையில் உள்ளதைச் செய்வோம். அலமாரியைச் சுவரோடு சேர்த்து வையாமல் குறுக்கே நிறுத்தினால் ஓர் அறை இரண்டாகும். கம்பி கட்டி மறைப்புத்துணி தொங்கவிடுதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தாழிட்ட கதவைத் தட்டாமல் திறத்தல் ஆகாது என்பதைத் தந்தை முதல் கடைக்குட்டி வரை எல்லோரும் கைக்கொள்ளலாம். மகளின் பொருள்களுக்குப் பூட்டுள்ள ஒரு பெட்டி, மகனுக்கு மற்றொன்று. இதற்குச் சில வெள்ளியே செலவு.

யாராவது ஒருவர் கூடத்தில் படுத்தே ஆகவேண்டும் என்னும் வீட்டில், மகனைக் கூடத்தில் படுக்கச் செய்க. அன்றி இருவரும் முறைவைத்துப் படுப்பார்களாக. மாதவிலக்கின் வேதனையும் உடைமாற்றும் இடர்ப்பாடும் உடையவளுக்குக் கதவு முதலில் வேண்டும் என்பதைப் பதினாறு வயதுப் பையன் அறியமாட்டானா? எடுத்துச் சொன்னால் அறிவான். சொல்லாமற் போவது அவன் குற்றமன்று, நம் குற்றம். தங்கைக்கு அறையை விட்டுக்கொடுக்கப் பழகிய மகன் நாளை மனைவிக்கும் மகளுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கத் தயங்கான். சீர்திருத்தத்தை மேடையில் முழங்குவோர் தம் வீட்டுப் பாயிலிருந்து அதனைத் தொடங்கலாமே!

இறுதியாக நம் எழுத்தாளர்க்கு ஒரு விண்ணப்பம். லயத்து வாழ்க்கையை எழுதியோர் பால்மரத்தை எழுதினர், கங்காணியை எழுதினர், கள்ளுக்கடையை எழுதினர். அடுக்குமாடி வாழ்க்கையை எழுதுவோர் பழுதான மின்தூக்கியையும் அண்டைவீட்டுப் பூசலையும் எழுதுகின்றனர். கூடத்து விளக்கு அணைவதற்குக் காத்திருந்து, மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அப்பன்னிரண்டு வயதுச் சிறுமியையும் எழுதுங்கள். அவள் கதையைப் படிக்கும் தாய் ஒருத்தியேனும் அன்றிரவு எழுந்து, கூடத்தில் கிடக்கும் பாயைச் சுருட்டி அறைக்குள் விரிப்பாளாயின், அக்கதை எழுதப்பட்டதன் பயன் அதுவே.